சேலத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவரின் வழக்கு

அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பைக் கற்பிக்கும் சட்ட வகுப்புகளில் தவறாமல் இடம்பெறும் வழக்கு ‘ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி’. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று கூறியது இவ்வழக்கில்தான். ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். நடைபாதையில் குடியிருந்தவர் அல்லர். அவரோடு மனுதாரர்களாக நின்ற நடைபாதைவாசிகள் இருவருள் ஒருவர் சேலத்துக்காரர். உடன் விசாரிக்கப்பட்ட மற்றொரு மனுத் தொகுதியின் பெயர் ‘வையாபுரி குப்புசாமி எதிர் மகாராஷ்டிர மாநிலம்’. மேற்கோள் காட்டும் வசதிக்காகத் தலைப்புச் சுருங்கியபோது தமிழ்ப் பெயர்கள் வெளியே நின்றுவிட்டன. தமிழர் பம்பாயின் வரலாற்றைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற வட்டத்துக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. இந்த வழக்குக் கட்டும் அதன் ஆவணமே.

சேலத்துக்காரரைப் பற்றித் தீர்ப்பு சில வரிகளே சொல்கிறது. ஆனால் அவை அடர்த்தியான வரிகள். நிலமற்ற கூலித் தொழிலாளியான அவர், ஊரில் வறட்சியால் வேலை இழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் தார்ப்பாயும் கொண்ட ஒரு மறைப்புக்காக, அப்பகுதியைத் தன் பிடியில் வைத்திருந்த தாதா ஒருவருக்கு அவர் கொடுக்க நேர்ந்த தொகை 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகை அது. நடைபாதைவாசம் இலவசவாசம் என்று பேசுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மற்றத் தொகுதியின் மனுதாரர்களுள் சிலர் விலே பார்லே கிழக்கில், அதே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த காமராஜ் நகர்க் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். நெடுஞ்சாலையோரம் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960 வாக்கில் எழுப்பிய குடிசைகள் அவை என்பது மனுவின் கூற்று. குடியிருப்பின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

1981 ஜூலை 13 அன்று, அன்றைய முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என்று அறிவித்தார். மழைக்காலத்தின் நடுவே வந்த அறிவிப்பு. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. அக்டோபர் 15 வரை குடிசைகள் இடிக்கப்படமாட்டா என்று அரசுத் தரப்பும் ஒப்புக்கொண்டது. ஆயினும் ஜூலை 23 அன்று சேலத்துக்காரரின் மறைப்பு இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு அவர் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மீண்டும் ஒரு நடைபாதையில் ஒண்டினார். பிழைப்பும் இருப்பிடமும் பிரிக்க முடியாதவை என்ற வாதத்துக்கு அந்த ஒற்றைத் திரும்புதலைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

சட்ட உதவியின் வரலாற்றைப் பயில்வோர் நின்று கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. உயர் நீதிமன்றத்தில் நடைபாதைவாசிகளின் தரப்பில் ஓர் உறுதிமொழி தரப்பட்டிருந்தது: பொதுவழியில் குடிசை போட அடிப்படை உரிமை எதையும் கோரவில்லை, அக்டோபர் 15க்குப் பின் இடிப்பைத் தடுக்கவும் மாட்டோம். மூன்று மாத அவகாசத்துக்குக் கொடுத்த விலை அது. உச்ச நீதிமன்றத்தில் மாநகராட்சி அதையே எடுத்துக்காட்டி, முன்பு சொன்னதற்கு மாறாக இப்போது வாதிடக்கூடாது என்றது. சட்டத்தமிழில் இதற்கு ‘முரண்தடை’ என்று பெயர். நீதிமன்றம் ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகள் தனிமனிதரின் நலனுக்காக மட்டும் தரப்பட்டவை அல்ல. ஆகவே எவரும் அவற்றைப் பேரம் பேசி விட்டுக்கொடுக்க இயலாது என்றது. வழக்கறிஞர் வாய்மொழியால் கட்சிக்காரர் எவ்வளவு இழக்கலாம் என்ற கேள்விக்கு அரசியலமைப்பு வகுத்த எல்லை இது. இலவசச் சட்ட உதவியைக் குறிக்கும் 39ஏ உறுப்பு 1976இல் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இல்தான் இயற்றப்பட்டது, 1995 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் இம்மக்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்றதற்குக் குடியுரிமை அமைப்புகளும், இந்திரா ஜெய்சிங், வி.எம். தார்குண்டே, ராம் ஜெத்மலானி போன்ற வழக்கறிஞர்களும் துணையாயினர். ஐவர் அமர்வில் ஒருவர் ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராசன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி.

மொழியியலாளருக்கு இத்தீர்ப்பில் தனிச் சுவை உண்டு. 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், 314ஆம் பிரிவின்படி, ஆணையர் பொதுவழி ஆக்கிரமிப்பை ‘முன்னறிவிப்பின்றி அகற்றலாம்’. தமிழில் எழுதினால் சிக்கல் தெளிவாகத் தெரியும்: ‘-லாம்’ என்னும் விகுதி அகற்றுதலை மட்டும் தழுவுகிறதா, ‘முன்னறிவிப்பின்றி’ என்பதையும் சேர்த்துத் தழுவுகிறதா? முன்னறிவிப்பைத் தவிர்க்க அதிகாரம் உண்டே தவிர, தவிர்க்க வேண்டும் என்ற கட்டளை இல்லை என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. அறிவிப்புத் தருவதே பொது விதி; தராமை விலக்கு. அப்படிப் படித்ததனால்தான் பிரிவு செல்லும் என்றும் ஆனது.

மக்கள் வென்றார்களா? உரிமை வென்றது, குடிசைகள் வெல்லவில்லை. நடைபாதையில் வாழ எவருக்கும் உரிமை இல்லை என்றே தீர்ப்பு முடிந்தது. காமராஜ் நகர் நெடுஞ்சாலைக்குச் செல்லும் துணைச் சாலையில் அமைந்திருப்பதால் அதற்கும் அதே விதி என்றது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அகற்றக்கூடாது என்பது உடனடிச் சலுகை. 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்பது நீடித்த விளைவுடைய பகுதி.

ஏனெனில் அதன்பின் மும்பைக் குடிசைவாசியின் வழக்கு பெரும்பாலும் ஒரு தேதியைப் பற்றியதாகவே மாறியது. 1976க்குப் பிறகு 1995 ஜனவரி 1 வந்தது. பின்னர் 2000 ஜனவரி 1. தாராவி மறுசீரமைப்பில் அந்தத் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு. தாதரில் வந்திறங்கும் தென்னக ரயில்களில் வந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்வது வாழ்வுரிமை வாதத்தை அன்று. பழைய ரேஷன் அட்டையை, மின்கட்டண ரசீதை, வாக்காளர் பட்டியலின் நகலை.