ஒரே கலிமா, இரண்டு நாடு

"எல்லாரும் ஒரே கலிமா சொல்கிற ஆக்கள். பிறகேன் பிரிஞ்சு போனாங்க?" பாகிஸ்தான், பங்களாதேஷ் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எங்கட ஊர்களில் இந்தக் கேள்வி வரும். "இந்தியாவின் சதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. 1971இல் இந்தியா தலையிட்டது உண்மைதான். என்றாலும் வெளியார் கை வைக்க முன்பே சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய வரலாறு.

வங்காள முஸ்லிம்கள் பாகிஸ்தான் என்ற எண்ணத்துக்குப் புறத்தியார் அல்லர். முஸ்லிம் லீக் 1906இல் பிறந்ததே டாக்காவில். 1940இன் லாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பஸ்லுல் ஹக் என்ற வங்காளி. அத்தீர்மானம் முஸ்லிம் பெரும்பான்மைப் பிரதேசங்களைச் சுதந்திர 'அரசுகள்' என்று பன்மையில் குறிப்பிட்டது. இந்தப் பன்மையைப் பின்னாளில் வங்காளிகள் மறக்கவில்லை.

1947இல் உருவான பாகிஸ்தானின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கில் வாழ்ந்தார்கள். ஆனால் 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா, உருது மட்டுமே அரச மொழி என்றார். 1952 பெப்ரவரி 21இல் வங்க மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள் மீது பொலிஸார் சுட்டார்கள். 1956 அரசியல் யாப்பு வங்க மொழியையும் ஏற்றுக்கொண்டது. மொழி கிடைத்துவிட்டது, மனக்குறை தீரவில்லை. கிழக்கில் விளைந்த சணல் நாட்டுக்கே அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்தது. ஆட்சியும் படையும் மேற்கின் கையில் இருந்தன.

1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் லாகூரில் வைத்து ஆறு அம்சக் கோரிக்கையை முன்வைத்தார். மத்திக்குப் பாதுகாப்பும் வெளிவிவகாரமும், மாகாணங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் தாம் உழைக்கும் செலாவணியும் என்பது அதன் சாரம். பிரிவினை என்ற சொல் அதில் இல்லை. முதலாவது அம்சமே லாகூர்த் தீர்மானத்தின் அடிப்படையில் கூட்டாட்சி வேண்டும் என்கிறது. "நீங்களும் நாங்களும் சேர்ந்து எழுதிய உடன்படிக்கைப்படி நடவுங்கள்" என்பதே அன்றைய வாதம்.

1970 பொதுத் தேர்தலில் கிழக்குக்குரிய 162 பொது ஆசனங்களில் 160ஐ அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்கும் 300 ஆசனங்கள். ஆகவே ஆட்சி அமைக்கும் பெரும்பான்மை அவர்களுடையது. 1971 மார்ச் 1இல் யஹ்யா கான் தேசிய சபையின் கூட்டத்தை ஒத்திவைத்தார். மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது. ஏப்ரல் 10இல் வெளியான சுதந்திரப் பிரகடனம் தேர்தலில் தொடங்கி, கூட்டாத சபையையும் கொல்லப்பட்ட மக்களையும் வரிசையாக எடுத்துரைக்கிறது. உடன்படிக்கையை மீறியது மறுதரப்பு என்று வழக்குரைப்பதுபோல் அது அமைந்திருக்கிறது. சிறுபான்மை பிரிந்து போவதைத்தான் உலகம் அதிகம் கண்டிருக்கிறது. இங்கே பிரிந்து போனது பெரும்பான்மை.

கதை இத்தோடு முடியவில்லை. பீஹாரிலிருந்து வந்து கிழக்கில் குடியேறியிருந்த உருது பேசும் முஸ்லிம்கள் பலர் 1971இல் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோரில் பெருந்தொகையினர் முகாம்களுக்குள் முடங்கினார்கள். 2008இல் டாக்கா உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவர்களின் பிரஜாவுரிமை கேள்விக்குறியாகவே கிடந்தது. 1972 யாப்பு நாட்டவர் எல்லாரையும் 'வங்காளி' என்றபோது, சிட்டகொங் மலைநாட்டுப் பிரதிநிதி மனபேந்திர நாராயண் லர்மா, தான் வங்காளி அல்லன், சக்மா என்று சபையில் எதிர்த்தார். நேற்று டாக்கா கராச்சியிடம் சொன்ன நியாயத்தை இன்று மலைநாடு டாக்காவிடம் சொன்னது. டாக்கா காது கொடுக்கவில்லை.

இந்த இடம் எங்களுக்குப் புதிதல்ல. அங்கே மார்க்கம் ஒன்று, மொழி வேறு. எங்கட வடக்கில் மொழி ஒன்று, மார்க்கம் வேறு. தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதி பொய்யல்ல. அந்த அநீதியை எடுத்துச்சொல்லித் தனிநாடு கேட்ட விடுதலைப் புலிகள்தான் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைச் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். ஆகவே, பிரிவுக்குச் சொல்லப்படும் நியாயத்தை நான் இரண்டு முறை வாசிக்கிறேன். முதலில், அவர்களுக்கு நடந்தது என்ன என்று. பிறகு, அவர்களுக்குள் வாழும் சிறு தொகையினருக்கு அதே நியாயத்தை அளக்கிறார்களா என்று. இரண்டாவது கேள்விக்குரிய பதிலை அந்தச் சிறு தொகையினரிடம்தான் கேட்க வேண்டும்.