தேவரின் யானையும் கணினிக் குரங்கும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் மகனுடன் அமர்ந்து ‘இண்டியானா ஜோன்ஸ்’ படவரிசையின் நான்காம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடர்ந்த காட்டில் கொடியில் சிக்கிய இளைஞன், தன்னைப் போலவே தலைமுடி வாரிய குரங்குகளைக் கண்டு, அவற்றோடு கொடிக்குக் கொடி தாவிச் சென்று பகைவரின் வண்டியைப் பிடிக்கும் காட்சி வந்தது. “அப்பா, இதத் தள்ளி விடுங்க, பொய்யா இருக்கு” என்றான் மகன். அவனுக்கு வயது பதின்மூன்று. 2008ஆம் ஆண்டு மே மாதம் இப்படம் வெளிவந்தபோது உலகெங்கும் உள்ள இரசிகர்கள் சொன்னதையே, அதன் பிறகு பிறந்த அவனும் சொன்னான்.

அவன் சொன்ன ‘பொய்’ என்ற சொல் என்னை ரந்தாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத் திடலுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் திரையரங்கு என்றால் சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ போக வேண்டும். பேருந்துக் கட்டணமும் நுழைவுச்சீட்டும் ஒரு குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. ஆகவே படம் எங்களைத் தேடி வந்தது. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் சாக்கு விரித்து அமர்வார்கள். அங்கே எழுத்துகள் தலைகீழாகத் தெரியாவிட்டாலும் இடம் வலமாகத் தெரியும். யானைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள்கூடக் கடைசிச் சுருள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கமாட்டார்கள்.

யானை என்று சொன்னது சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவரின் யானையைத்தான். கோவையைச் சேர்ந்த தேவர் 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்துடன் தேவர் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதிலேயே எம்.ஜி.ஆர். காளையோடு மோதுவார். விலங்குகள் அவருக்கு என்றும் வெற்றியே தந்தன என்று எண்ணிவிடக்கூடாது. 1967இல் யானைகளை வைத்து எடுத்த ‘தெய்வச் செயல்’ ஓடவில்லை. மனம் தளராமல் அதே கருவை இந்திக்குக் கொண்டுபோய் இராஜேஷ் கன்னாவை வைத்து 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்தார். அது பெருவெற்றி பெற்றது. மறு ஆண்டே எம்.ஜி.ஆரைக் கொண்டு ‘நல்ல நேரம்’ என்று தமிழுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார். 1977இல் ‘ஆட்டுக்கார அலமேலு’ வந்தது. 1978இல் தேவர் மறைந்த பிறகும் அந்நிறுவனம் இரஜினியையும் யானையையும் வைத்து ‘அன்னை ஓர் ஆலயம்’ எடுத்தது.

இப்படங்களை எங்கள் தோட்டத்தார் கொண்டாடியதற்கு எம்.ஜி.ஆர். மட்டும் காரணமல்ல. அன்று லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. ஆடும் கோழியும் இருந்தன. ஆடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எங்கள் பெண்களுக்குத் தெரியும். அலமேலுவின் ஆடு ஏதேனும் ஒரு வித்தை செய்தால் அவர்கள் அதை எடை போட்டுப் பார்த்துத்தான் சிரித்தார்கள். தன் வீட்டு ஆடு இதில் பாதியாவது செய்யக்கூடாதா என்ற ஏக்கமும் அச்சிரிப்பில் கலந்திருந்தது.

இண்டியானா ஜோன்ஸ் இரசிகர்களின் மனக்குறையும் இதற்கு அண்மையில்தான் நிற்கிறது. 1981இல் வந்த முதற்படத்தில் பாம்புக் குழிக்காக ஆயிரக்கணக்கில் உயிருள்ள பாம்புகளைக் கொட்டினார்கள். கதாநாயகனுக்கும் நாகத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தனர். அக்கண்ணாடியில் நாகத்தின் நிழல் விழுவது திரையில் தெரிந்தது. பின்னாளில் குறுந்தட்டு வெளியிட்டபோதுதான் கணினியால் அதை அழித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரசிகர்கள் அந்நிழலைப் பார்த்தும் பொறுத்துக்கொண்டார்கள். கண்ணாடி இருந்தாலும் பாம்பு உண்மை அல்லவா! 1984இல் வந்த படத்தின் யானைக் காட்சிகள் இலங்கையில், கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்டவை. கதாநாயகி யானை நாற்றம் தாங்காமல் அதன்மேல் வாசனைத் திரவியம் தெளிக்க, யானை அவளைத் தண்ணீரில் தள்ளிவிடும். வேடிக்கைதான், ஆயினும் அதை யாரும் பெரிதாகக் குறை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த நான்காம் படமோ, அணில் இனத்தைச் சேர்ந்த ஒரு புல்வெளி விலங்கு மண்மேட்டிலிருந்து தலையை நீட்டுவதோடு தொடங்குகிறது. கணினியில் பிறந்த அவ்விலங்கு பின்னரும் வந்து, நாம் எப்போது சிரிக்க வேண்டும் என்று அறிவிப்பதுபோல் கண்ணை உருட்டுகிறது. கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரசிகர்கள் கொதித்தார்கள். படம் உலகளவில் 78 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பது வேறு. பணம் கொடுத்துப் பார்த்தவர்கள்தாம் வசை பாடினார்கள்.

அப்படியானால் கணினி விலங்கு என்றாலே ஆகாதா? அவ்வாறு நான் கருதவில்லை. 2010இல் ‘எந்திரன்’ வந்தது. நாயகியைக் கடித்த கொசுவைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வைக்கிறான் சிட்டி. மறு வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் அக்காட்சிக்கு ஏகப்பட்ட முணுமுணுப்பு. வகுப்பறையிலோ ஒரே ஆரவாரம். (டெங்கிக் காய்ச்சல் பற்றிய பாடத்துக்கு அக்கொசு எனக்குப் பேருதவியாக இருந்தது என்பதையும் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.) அதன் தொடர்ச்சியாக 2018இல் வந்த ‘2.0’ படத்தில் குட்டி இயந்திரர்கள் புறாக்களின் முதுகில் ஏறி வந்தபோதும் இதே பிளவைக் கண்டேன். ஆனால் 2012இல் வந்த ‘நான் ஈ’ படத்திற்கு இரு தரப்பும் ஒன்றாகக் கைதட்டின. அந்த ஈயும் முழுக்கக் கணினியில் உருவானதே. தெலுங்கு வடிவத்துக்குச் சிறந்த சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதும் கிடைத்தது. இராஜமௌலி அந்த ஈயைப் பேச வைக்கவில்லை. காதருகே ரீங்காரமிட்டு வில்லனின் தூக்கத்தைக் கெடுப்பது போன்று, ஓர் ஈயால் செய்யக்கூடியதிலிருந்தே அதன் பழிவாங்கலைத் தொடங்கினார். என் எண்ணத்தில் வேறுபாடு இங்கேதான் உள்ளது. ஈ இல்லையேல் அங்கே கதை இல்லை.

ஆயினும் ‘உண்மையான விலங்குகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்று கோரும் இரசிகர்களோடு சேர்ந்து நிற்க என்னால் இயலாது. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

‘நல்ல நேரம்’ எங்கள் திடலில் ஓடிய மறுநாள், நானும் இரு தோழர்களும் பக்கத்து லயத்துப் பாட்டியின் கிடாக்குட்டிக்கு வணக்கம் வைக்கக் கற்றுத் தர முனைந்தோம். முன்னங்காலில் கயிறு கட்டி ஒருவன் தூக்குவான். குட்டி காலைக் கீழே போட்டால் இன்னொருவன் குச்சியால் தட்டுவான். கயிறு என் கையில் இருந்தது. முதல் நாள் தட்டினோம். இரண்டாம் நாள் அடித்தோம். மூன்றாம் நாள் அது துள்ளிய வேளையில் நான் கயிற்றை விடவில்லை. எலும்பு முறிந்த ஒலி எனக்குக் கேட்டது. பாட்டி எங்களைத் திட்டவில்லை. மூங்கில் பத்தையை வைத்துக் கட்டியவாறே, “அதுக்கு என்னடா தெரியும்?” என்று மட்டும் கேட்டார். என் தந்தை சம்பள நாளன்று அவருக்குப் பணம் கொடுத்தார். குட்டி விற்கப்படும்வரை நொண்டிக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து சென்றது.

திரையில் நாங்கள் கைதட்டிய வித்தைகளுக்குப் பின்னால் எத்தனை கயிறுகள் இருந்தனவோ! 1998இல் இந்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்குவதையும் காட்சிப்படுத்துவதையும் தடை செய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. மற்ற விலங்குகளைப் பயன்படுத்தவும் அதே ஆண்டு பதிவு விதிகள் வந்தன. குரங்கையும் பாம்பையும் யானையையும் நம்பி இராம நாராயணன் எடுத்த ‘ஆடி வெள்ளி’, ‘துர்கா’ போன்ற படங்களின் காலம் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கணினிக் குரங்கை ஏளனம் செய்வோர் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம். எங்கள் தோட்டத்திலும் இன்று செம்பனைதான் நிற்கிறது, கொட்டகைகள் இல்லை. என் மாணவர்களில் ஆட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

அன்று மகனுக்கு 1981ஆம் ஆண்டுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். அதில் ஓர் உண்மைக் குரங்கு கையை உயர்த்தி நாஜி வணக்கம் வைக்கும். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். “இதுக்கு எப்படிப்பா சொல்லிக் கொடுத்தாங்க?” என்று கேட்டான். தூண்டில் நூலில் திராட்சையைத் தொங்கவிட்டு எட்ட வைத்தார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். பிறகு ஆட்டுக்குட்டியைப் பற்றியும் சொன்னேன். வீட்டில் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எந்தக் கால்?” என்றான்.

இடது முன்னங்கால்.