கோதுமை மா வந்த கதை

மொன்றியல் துறைமுகப் பக்கமாக இரவில் செல்வோர், செந்நிற எழுத்துக்களில் ஒளிரும் 'ஃபரின் ஃபைவ் ரோசஸ்' விளம்பரத்தைக் கண்டிருப்பர். அது கோதுமை மாவின் பெயர். அம்மாவுடன் எமக்குள்ள உறவு கனடாவில் தொடங்கியதன்று.

யாழ்ப்பாணத்தில் மாரி மழையை நம்பிய ஒரு போக நெல் ஒருபோதும் போதியதில்லை. மேட்டு நிலங்களில் விளைந்த குரக்கன், சாமை, தினை, வரகு ஆகியனவே குறையை நிரப்பின. மீதிக்குப் பர்மா அரிசி வந்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அவ்வழி அடைபட்டு, கூப்பன் அரிசி வந்தது. 1953இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி விலகினார். அரிசி ஆட்சியையே அசைத்த நாடு அது.

போர்த்துக்கேயர் தந்த சொல்லான 'பாண்' இதற்கிடையே காலையுணவாகிவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் அதற்கும் விடியுமுன் வரிசை. எம்மிற் சிலர் தாயின் கைபிடித்து அங்கு நின்றவர்கள். 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியபின் மாவுக்குப் பஞ்சமில்லை. குரக்கனோ 'ஏழைகளின் உணவு' என்று ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கியது எதனை? 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு; தீட்டிய வெள்ளையரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. குரக்கன் மணி மிகச் சிறியதாகையால் தவிடு நீக்காமலே அரைபடுகிறது. நார்ப்பொருளும் மாவிலேயே தங்குகிறது. தவிட்டின் அருமையை உலகம் அறிந்தது கோழிகளால். டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் நடை தளர்வதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் 1890களில் யாவாவில் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள பீ-1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ட எம் பாட்டிமார் அதனைப் பெயர் சொல்லாமலே காத்துவந்தனர்.

இங்கு சலரோகம் கண்ட முதியோர் சிலர், குரக்கன் பிட்டென்றால் எவ்வளவும் உண்ணலாம் என எண்ணுகின்றனர். அது தவறு. குரக்கனும் மாப்பொருளே, அளவு வேண்டும்.

பிள்ளைகள் அதன் கருஞ்சிவப்பு நிறம் கண்டு முகஞ்சுளிப்பர். கியூபெக் கிராமத்தவரும் பக்வீட் தானிய மாவில் கபில நிற ரொட்டி சுட்டு, கரும்புப் பாகு ஊற்றி உண்பதுண்டு. அதைச் சொல்லித்தான் எம் வீட்டில் முதற் குரக்கன் ரொட்டியை உண்ணவைத்தோம்.