புல் மருந்துக்கு முறிவு எங்கே?

நம் தோட்டங்களில் புல் மருந்தாகத் தெளித்த பாரகுவாட் 1962-இல் விற்பனைக்கு வந்தது. கோப்பி போன்ற பழுப்பு நிறம். போத்தலில் இருந்ததை அறியாமல் குடித்தோர் உண்டு. நீலச் சாயமும் துர்நாற்றமும் பிறகே சேர்க்கப்பட்டன.

மூச்சுத் திணறினால் பிராணவாயு கொடுப்பதுதானே வழக்கம்? இந்த நஞ்சோ நுரையீரலில் தங்கி, அந்த வாயுவைக் கொண்டே அதை அரிக்கிறது. எனவே, மருத்துவர்கள் பிராணவாயுவை இயன்றவரை தவிர்த்து, நஞ்சு குடலில் இருக்கும்போதே கரித்தூளையோ ஒருவகைக் களிமண்ணையோ கரைத்துக் கொடுத்தனர். களிமண்ணா என்று வியக்க வேண்டாம். நிலத்தில் விழும் பாரகுவாட்டை மண்தான் இறுகப் பற்றி முடக்குகிறது. ஆயினும், நிச்சயமான முறிவு மருந்து இன்றும் இல்லை.

மலேசியா 2002-இல் இதைத் தடுத்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாள் முற்றாகத் தடை செய்தது. இடைப்பட்ட காலத்திலும் நம் பெண்கள் முதுகில் பம்பு சுமந்து தெளித்தார்கள்.