நான்கு நிமிடமும் தொண்ணூறு கிலோமீட்டரும்

ஆர்தர் நியூட்டன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் விவசாயி. 1922 ஜனவரியில்தான் முறையாக ஓடிப் பழக ஆரம்பித்தார். அதே மே மாதம், 39 வயதில், சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் முதலிடம். மொத்தம் ஐந்து முறை ஜெயித்தார். ரகசியம் ரொம்ப சாதாரணம்: மெதுவாக, அன்றாடம், நெடுந்தூரம்.

1996-இல் ஜப்பானின் இசுமி தபாடா வேறொன்றைக் காட்டினார்: சைக்கிளில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. ஒரு தடவைக்கு நான்கே நிமிடம். ஆறு வாரத்தில் ஆக்ஸிஜனை உள்வாங்கும் திறன் ஏறிவிட்டது. கிராஸ்ஃபிட் செய்கிற நண்பர்கள் கேட்கிறார்கள்: அப்போ நியூட்டன் வீணாவா ஓடினார்?

இல்லை. சர்வரை நாங்கள் இரண்டு விதமாகச் சோதிப்போம். திடீர்ச் சுமையைத் தாங்குகிறதா என்பது ஒன்று. நாள்கணக்கில் ஓடவிட்டால் மெமரி கசிகிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் பாஸானது இரண்டாவதில் படுத்துவிடலாம். இறக்கத்தில் அடிவாங்கும் தொடை, எட்டாவது மணியில் முரண்டுபிடிக்கும் வயிறு இரண்டும் இந்த இரண்டாம் ரகம். தீவிரப் பயிற்சி இதயத்தைத் தயார்செய்யும். மிச்சத்துக்கு நியூட்டன் மாதிரி ஓடத்தான் வேண்டும்.