துவக்கு சொன்ன காலம்



ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகிய கண்ணுக்குத் துவக்குப் பார்க்கும் வேலையும் ஒருநாள் வாய்த்தது. பதுளைப் பக்கத்து நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய பாட்டனாருக்குத் தோட்டத்துத் துரை விட்டுச்சென்ற இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கொன்று உண்டு. “றொஜர்ஸ் துரையின் துவக்கு இது. என்ன விலை போகும், மாஸ்ரர்?” என்றார்.

மேஜர் றொஜர்ஸ் பதுளையில் அரச உத்தியோகம் பார்த்தவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் குறித்திருக்கிறார். அவர் கைபட்ட துவக்கென்றால் கேட்ட விலை கிடைக்கும்.

ஆனால் துவக்கு வேறு கதை சொன்னது. குழலை மடித்துப் பின்புறத்தில் தோட்டா இடும் அமைப்பு அது. றொஜர்ஸ் காலத்தில் வாய்ப்புறமாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடிப்பார்கள். சாமுவேல் பேக்கர் 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸிடம் செய்வித்த ரைபிளும் அவ்வகையே: எடை 21 இறாத்தல், ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்து! நண்பர் வீட்டுத் துவக்கின் அமைப்பு 1860களுக்குப் பின்னரே பரவியது. மின்னல் தாக்கியவர் இதைத் தொட்டிருக்க வழியில்லை.

நண்பரின் முகம் வாடியது. எனினும் பொருள் மட்டமானதன்று. குழல் 8ஆம் இலக்கம். அதாவது ஓர் இறாத்தல் ஈயத்தில் எட்டுக் குண்டுகள், குண்டொன்று இரண்டு அவுன்ஸ். குழலைக் கழற்றி நூலில் தொங்கவிட்டு விரலால் சுண்டினோம். கோயில் மணிபோல் ஒலித்தது. இரு குழல்களையும் இணைக்கும் பட்டை இளகியிருந்தால் அந்த நாதம் வராது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே புரிவரிகள் தெளிவாகத் தெரிந்தன. தோட்டா இடும் பக்கத்தில் மட்டும் சிறிது துரு தின்ற குழிகள்.

கெடுதல் வெளியே நடந்திருந்தது. விற்பதற்கென்று யாரோ குழலை அரத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்திருக்கிறார்கள். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த குழலின் நீரோட்டக் கோலம் மங்கிவிட்டது. அளவுக்கு மிஞ்சிய மருந்தால் வெடித்துச் சோதித்தபின் பரிசோதனைச் சாலையார் குத்திய முத்திரைகளும் பாதி போயின. செல்லரித்த ஏட்டையாவது பதிப்பிக்கலாம். ‘திருத்திய’ ஏட்டை என்ன செய்வது? விலையில் பெரும்பகுதி அந்த அரத்தாளோடு போய்விட்டது.

மரப்பிடியில் கத்தியால் கீறிய பதினொரு கோடுகள் இருந்தன. சேகரிப்போர் இதற்கு மேலதிகமாகக் கொடுப்பார்கள் என்று நண்பருக்குத் தெம்பு வந்தது. எனக்கு அது கசந்தது. இலங்கை யானைகளில் நூற்றுக்கொன்றுக்கேனும் தந்தம் இல்லை என்கிறார் ரெனன்ற். ஆகவே தந்தத்துக்காகச் சுட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. தலைக்குச் சில சிலிங் அரசாங்கச் சன்மானம். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளுக்குச் சன்மானம் கொடுபட்டது. 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் இன்னும் 2000.

கடைசியில் நண்பர் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். பெயர்பெற்ற துவக்குத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு துவக்கின் தொடரிலக்கத்தையும், அதை முதலில் வாங்கியவர் பெயரையும் பேரேட்டில் பதிந்துவைப்பது வழக்கம். பூதக்கண்ணாடி வைத்து இலக்கத்தை வாசித்தேன். கடைசி எண் தேய்ந்து, 3 என்றும் 8 என்றும் படிக்க இடந்தந்தது. இரண்டையும் எழுதி அனுப்பினோம்.