இரண்டாம் பிரதி: அம்பாறைக் கரையோரத்தில் இழந்த பதிவுகளை மீட்ட வரலாறு

ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பாலமுனையில், ஒரு வீட்டின் ஆவணங்கள் என்பது நெடுங்காலமாக ஒரு பைக்குள் அடங்கும் சில தாள்கள்தான்: காணி உறுதி, விவாகப் பதிவு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் கல்யாணப் படங்களும் வீடியோவும் நிறைந்த வன்தட்டும் அதே அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது. தாளில் இழந்ததையும் தட்டில் இழந்ததையும் மீட்கும் வழிகள் வேறுவேறாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே கேள்வியில்தான் போய் நிற்கின்றன: இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?

தாள்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குச் சட்டம் முன்கூட்டியே விடை சொல்லி வைத்திருந்தது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின்படி உறுதி மூன்று பிரதிகளாக எழுதப்படும். மூலப்பிரதி காணிக்காரருக்கு. ஒரு பிரதி நொத்தாரிசின் சொந்தக் கோவையில் இருக்கும். முத்திரை ஒட்டிய இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய்விட வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு இது; பேரழிவை நினைத்து யாரும் எழுதியதல்ல. ஆனாலும் ஒரே பதிவு மூன்று கட்டடங்களில் இருந்தது. விவாகப் பதிவில் இந்தளவு பாதுகாப்பு இருக்கவில்லை. முஸ்லிம் விவாகங்களைப் பதியும் சட்டம் 1886இல் வந்து, 1929இல் மாற்றப்பட்டு, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமாக நிலைபெற்றது. எனினும் பதியாத நிக்காஹ் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால் தாளே இல்லாத கல்யாணங்களும் ஊரில் இருந்தன. அவற்றுக்கு ஆவணம், சாட்சிகளின் நினைவு மட்டுமே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சுனாமி வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் நெடுக வீடுகள் அலுமாரியோடும் பையோடும் போயின. முற்றாக இடிந்த வீட்டுக்கு அரசு 250,000 ரூபாயும் பகுதி சேதத்துக்கு 100,000 ரூபாயும் அறிவித்தது. ஆனால் சொந்தக் காணியில் வீடு கட்டக் காசு கேட்டவர் காணி தன்னுடையதென்று காட்ட வேண்டியிருந்தது. உறவுகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களிடம் தாள் கேட்கப்பட்டது. அந்த ஆண்டின் துயரங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று இது.

பதிவகத்தில் பிரதி இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க உறுதியின் இலக்கமோ, நொத்தாரிசின் பெயரோ, எழுதிய திகதியோ வேண்டும். இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர் யார்? இந்த இடத்தில் அயலவரின் உறுதி கைகொடுக்கக் கூடியது. ஒவ்வொரு உறுதியின் கடைசியிலும் காணியின் நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். வடக்கே இன்னாருக்குரிய காணி, கிழக்கே இன்னாருடையது என்று. பக்கத்து வளவின் உறுதி தப்பியிருந்தால் தொலைந்த உறுதிக்குரியவரின் பெயர் அதற்குள் இருக்கும். உறுதிகளில் முந்திய உறுதியின் இலக்கமும் குறிப்பிடப்படுவதால், தகப்பன் காலத்து இலக்கம் ஒன்று கிடைத்தாலும் அங்கிருந்து தேடிக்கொண்டு வரலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் பேரேடு இருந்தது.

உடல் கிடைக்காதவரின் இறப்பைப் பதிவது இன்னும் கடினம். சாதாரண சான்றுச் சட்டம் காணாமற்போனவர் இறந்ததாகக் கருத ஒரு குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அந்தக் காத்திருப்பை நீக்கி, அநாதரவான பிள்ளைகளின் பராமரிப்பையும் ஒழுங்குசெய்தது.

பிரதியே இல்லாத பதிவுக்கு உதாரணமாகக் கல்முனையில் நடந்ததை உலகம் அறியும். கல்முனை வைத்தியசாலைக்கு அன்று கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தை, அனுமதி இலக்கத்தால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்றே அழைக்கப்பட்டது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோரியதாகச் செய்திகள் வெளிவந்தன. உண்மையான பெற்றோரின் தாள்களும் படங்களும் வீட்டோடு போயிருந்தன. நீதிமன்ற உத்தரவில் மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லாத் தாளும் அழிந்த பிறகும் உடம்பில் ஒரு பிரதி எஞ்சியிருந்தது.

வன்தட்டின் கதை 1956இல் ஐபிஎம் நிறுவனத்தின் ரமாக் கணினியோடு தொடங்குகிறது. 24 அங்குல அகலமான ஐம்பது தட்டுகளில் அது ஐம்பது இலட்சம் எழுத்துகளை வைத்திருந்தது. ஒரு கைப்பேசிப் படத்துக்கே இன்று அந்த இடம் வேண்டும். 2000இல் யூஎஸ்பி 2.0 வந்த பின் பைக்குள் வைத்துக் கொண்டுபோகும் வெளிவாரி வன்தட்டு மலிவாகி, ஸ்டூடியோக்களுக்கும் வளைகுடாவில் வேலை செய்வோரின் குடும்பங்களுக்கும் அல்பத்தின் இடத்தைப் பிடித்தது. உறுதிக்கு இருந்த இரண்டாம் பிரதி இதற்கு இருக்கவில்லை. அதை எழுதும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

தட்டில் இருந்து தரவு போவது இரு வகை. முதல் வகையில் தட்டு நலமாயிருக்கும். கோப்பு அழிக்கப்பட்டிருக்கும் அல்லது ஃபோர்மட் ஆகியிருக்கும். பழைய ஃபாட் முறையில் கோப்பை அழித்தால், பெயரின் முதல் எழுத்து மாறி இடம் வெற்றிடமாகக் குறிக்கப்படும், அவ்வளவுதான். படம் அங்கேயே கிடக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. ஆகவே முதல் விதி, அந்தத் தட்டில் அதன் பிறகு எதையும் எழுதாதிருப்பது. அடுத்தது, தட்டை முழுமையாக இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுத்துப் பிரதியில் மட்டும் வேலை செய்வது. இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்கியூ மென்பொருள் எளிதாக வாசிக்கக் கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வரும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் பெயர்ப் பட்டியலைப் பாராமல், ஜேபெக் படங்களின் தொடக்கத்தில் உள்ள அடையாள பைட்டுகளைத் தேடிப் படங்களைப் பொறுக்கும். பெயரும் கோப்புறையும் திரும்பாது, படம் திரும்பும். அண்மைக்காலத் தட்டுகள் சில, அழித்த இடத்தைத் தாமே வெறுமையாகக் காட்டிவிடுவதால் இந்த வாய்ப்பும் குறைந்து வருகிறது.

இரண்டாம் வகை உடற்பழுது. தட்டுக்கு மேலே ஒரு மயிரிழையிலும் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் வாசிப்புத் தலை மிதக்கிறது. விழுந்து ‘டிக், டிக்’ என்று அடிக்கும் தட்டுக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்தால் தலை தட்டைச் சுரண்டிவிடும். கடல்நீர் பட்டதை வெயிலில் காயவைப்பது மக்கள் முதலில் செய்யும் காரியம், அதுவே கெடுதல். நீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்பில் படிந்து இறுகிவிடும். ஈரத்தோடே காற்றுப் புகாத பையில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே முறை. சுற்றுப்பலகையை மட்டும் அதே மாடலில் இருந்து மாற்றினாலும் போதாது. அந்தத் தட்டுக்கென்றே எழுதிய அளவுகள் பழைய பலகையின் சிப்பில் இருப்பதால் அதையும் பெயர்த்து ஒட்ட வேண்டும். தூசியற்ற அறை தேவைப்படும் இவ்வேலைகள் கரையோரக் கடைகளில் நடப்பதில்லை. தட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குத்தான் போகும்.

உடற்பழுதில் எதுவரை மீட்க முடியும் என்பதற்கு எல்லைக்கல், 2003 பெப்ரவரி 1 அன்று வானில் சிதறிய கொலம்பியா விண்ணோடம். தரையில் வந்து விழுந்த ஒரு வன்தட்டு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குப் பின் வற்றிய ஏரிப் படுகையில் கிடைத்தது. உறை உருகி உள்ளே தூசி புகுந்திருந்தாலும் தட்டுகள் வளையவில்லை. அவற்றைக் கழுவி வேறோர் உடலில் பொருத்தி, ஏறத்தாழ 99 வீதத் தரவை மீட்டனர். அந்தத் தரவைக் கொண்டு செய்த செனன் வாயு பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. அதே விண்ணோடத்தில் இருந்த வேறு இரு தட்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மேகச் சேமிப்புக்கு மாறியதும் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரச மேகத்தைத் தாக்கிய பணயத் தீநிரல், அதனோடு இணைந்திருந்த காப்புப் பிரதிகளையும் பூட்டியது. வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்த புதிய பிரதி இல்லாததால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் சுமார் 5,000 அரச முகவரிகளில் திரும்பக் கிடைக்கவில்லை. இணைப்பில்லாத காப்புப் பிரதியை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாடு அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது.